தாழைமுனைக்குப் போன தண்ணீர்

எங்கள் வெண்மதி சேவைக் கழகம் உண்டானதே ஒரு பந்து கிணற்றுக்குள் விழுந்ததால்தான். 1956ஆம் ஆண்டு, வைகாசி மாதம். யாழ்ப்பாணத்துத் தீவான வேலணையில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த வெளியில் நாங்கள் பன்னிரண்டு பேர் பின்னேரங்களில் கரப்பந்து விளையாடுவோம். ஒருநாள் பந்து வேலிக்கு மேலால் போய், தனியாக வாழ்ந்த அன்னப்பிள்ளை மாமியின் கிணற்றுக்குள் விழுந்தது. எடுக்க இறங்கியவன் நான். காலை வைத்ததும் கிணற்றுக்கட்டின் கல் இரண்டு பெயர்ந்து என்னோடு சேர்ந்து தண்ணீருக்குள் விழுந்தன.

“கட்டு இடிஞ்சு ரெண்டு வருசமாச்சு தம்பி. கட்டித்தர ஆர் இருக்கினம்?” என்றார் மாமி, நான் நனைந்துபோய் மேலே வந்ததும்.

அடுத்த சனிக்கிழமை கல்லும் சுண்ணாம்பும் கொண்டுபோய் அந்தக் கட்டைக் கட்டிக் கொடுத்தோம். அது முடிந்த கையோடு பக்கத்து ஒழுங்கையில் இருந்த பள்ளத்தை நிரப்பினோம். அதன் பிறகு ஆட்களே வந்து எங்களைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஆண்டு முடிவதற்குள் எங்களுக்கு ஒரு பெயரும், ஒரு றப்பர் முத்திரையும், சந்தியில் ஒரு வாசிகசாலையும் வந்துவிட்டன.

என் பெயர் நடராசா. தையற்காரன். என் கடைக்கு அடுத்த அறைதான் வாசிகசாலை. அதனால் கழகத்துக்குள் வந்தவர், போனவர், சண்டை பிடித்தவர், சமாதானமானவர் எல்லோரையும் தைத்தபடியே பார்த்திருக்கிறேன். எட்டு வருடங்களில் நாங்கள் செய்தவை கொஞ்சமல்ல. பள்ளிக்கூடத்துக்கு மழைகாலத்திலும் நடந்து போகக்கூடிய ஒரு கல்வீதி போட்டோம். கண் வைத்தியரை இரண்டு தடவை கூட்டிவந்து கிழவர்களுக்குக் கண்ணாடி எடுத்துக் கொடுத்தோம். செத்த வீட்டுக்குக் கொடுக்க வாங்குப் பலகையும் கதிரையும் ஒரு தொகுதி வாங்கி வைத்தோம். ஆனால் என்னிடம் யாராவது கழகத்தைப் பற்றிக் கேட்டால் நான் சொல்வது இவற்றையல்ல. 1965ஆம் ஆண்டில் பத்து மாதங்கள் நாங்கள் தாழைமுனைக்குத் தண்ணீர் கொண்டுபோனதைத்தான் சொல்வேன். அதை நாங்கள் தொடங்கியதே ஒரு பிழையில்தான்.

அப்போது கழகத்தின் தலைவர் ஆழ்வாப்பிள்ளையர். பெரிய புகையிலைத் தோட்டக்காரர். உடம்பும் பெரியது, குரலும் பெரியது. எந்தச் சிரமதானத்திலும் முதல் மண்வெட்டி அவருடையதாக இருக்கும். எந்தப் படத்திலும் நடுவில் நிற்பவரும் அவராகவே இருப்பார். செயலாளர் குலசிங்கம் அதற்கு நேர்மாறு. கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சர். மெலிந்த ஆள், முப்பத்திரண்டு வயது. ஒரு கூட்டத்தில் மூன்று வசனம் பேசினால் அன்றைக்கு அவர் நிறையப் பேசியிருக்கிறார் என்று அர்த்தம். கொழும்பிலும் காலியிலும் கடை வைத்திருந்த எங்கள் ஊர்க்காரர் சேர்ந்து கழகத்துக்கு ஓர் இறைப்பு மிசின் வாங்கி அனுப்பியிருந்தார்கள். மண்ணெண்ணெயில் ஓடுவது. பச்சை நிறம். அதைத் துடைத்துத் துடைத்தே தலைவருக்குப் பாதிப் பொழுது போகும்.

1964ஆம் ஆண்டு மார்கழியில் அந்தப் புயல் வந்தது. வேலணையில் பனைகள் முறிந்தன, கூரைகள் பறந்தன, ஆனால் உயிர்ச்சேதம் இல்லை. தெற்குக் கரையிலிருந்த தாழைமுனையில் கடல் உள்ளே வந்துவிட்டது. நாற்பத்துமூன்று வீடுகள். எல்லோரும் கடற்தொழில் செய்கிற வேதக்காரச் சனம், கத்தோலிக்கர். கடல் ஏறும்போது அந்தோனியார் கோயிலுக்குள் போய் வாங்குகளின் மேல் ஏறி நின்று தப்பியிருக்கிறார்கள். வள்ளங்கள் பல உடைந்துபோயின.

விடிந்ததும் நாங்கள் அரிசியும் உடுப்பும் கொண்டு நடந்து போனோம். மண்ணால் போட்ட பாதையைக் கடல் அறுத்திருந்தது. வாகனம் போக வழியில்லை. அங்கே எங்களை முதலில் எதிர்கொண்டவர் பிலோமினம்மா. நாற்பது வயதிருக்கும். தலையில் கடகம் வைத்து வேலணைச் சந்தைக்கு மீன் கொண்டுவருபவர் என்பதால் எங்கள் எல்லோருக்கும் முகம் தெரியும். அவர் அரிசியைப் பார்க்கவில்லை. ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தலைவரிடம் நீட்டினார்.

“ஐயா, இதைக் குடிச்சுப் பாருங்கோ.”

ஆழ்வாப்பிள்ளையர் செம்பைப் பார்த்தார். கையை நீட்டவில்லை. அந்தச் சனத்தின் கையால் எங்கள் ஆட்கள் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். குலசிங்கம் முன்னால் வந்து செம்பை வாங்கி, ஒரு மிடறு வாயில் வைத்து, உடனே துப்பினார்.

“கடல் தண்ணி,” என்றார்.

“ஏழு கிணறும் இப்பிடித்தான். அரிசியை என்னத்திலை போட்டு அவிக்கிறது?” என்றார் பிலோமினம்மா.

தலைவருக்கு அப்போது பேச்சு வந்தது. “மிசின் இருக்கு. நாளைக்கே இறைச்சுத் தாறம். ஏழு கிணத்தையும் இறைச்சு ஊத்தை தண்ணி முழுக்க வெளியிலை விட்டால், நல்ல ஊத்து வரும்.”

சொன்னபடியே செய்தோம். அறுந்த பாதையில் மிசினைத் தடியில் கட்டி எட்டுப் பேர் தோளில் காவிக்கொண்டு போனோம். பத்து நாட்கள் இரவு பகல் பாராமல் இறைத்தோம். கிணற்றின் அடியில் வெள்ளைமணல் தெரியுமட்டும் இறைத்தோம். பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுக்க வந்தார். ஆழ்வாப்பிள்ளையர் மிசினில் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையும் வைத்து நின்றார். மூன்றாம் நாள் அது பேப்பரில் வந்தது. நானும் பின்னால் நிற்கிறேன், பாதி முகம்.

முதலில் தண்ணீர் கொஞ்சம் தேறியது போல இருந்தது. பிறகு மறுபடியும் உவர்த்தது. திரும்ப இறைத்தோம். இன்னும் கூடுதலாக உவர்த்தது. ஊரிலேயே நல்ல தண்ணீர் என்று பெயரெடுத்த கோயில் கிணறு, புயலன்று இருந்ததைவிட மோசமாகி, வாயில் வைத்தால் கசக்கும் நிலைக்கு வந்தது.

பத்தாம் நாள் பிலோமினம்மா மிசினுக்கு முன்னால் வந்து நின்றார்.

“தம்பிமார், போதும். நிப்பாட்டுங்கோ. நாங்கள் இந்தக் கிணத்திலை மேலாலை ஒரு வாளி, ரெண்டு வாளி எண்டு மொண்டு மொண்டுதான் குடிச்சு வந்தனாங்கள். நீங்கள் அடியைக் கலக்கிப் போட்டியள்.”

“உனக்கென்ன தெரியும்? இது மிசின் வேலை,” என்றார் தலைவர்.

குலசிங்கம் போய் மிசினை நிறுத்தினார். மறுநாள் சங்கக்கடையைப் பூட்டிவிட்டு யாழ்ப்பாணம் போனார். அவரோடு படித்த ஒருவர் அங்கே இஞ்சினியர். திரும்பி வந்தவர் நேராக வாசிகசாலைக்கு வந்தார். அன்று பின்னேரம் அவசரக் கூட்டம்.

“தீவுகளிலை நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேலைதான் நிக்கும். பாலிலை ஆடை நிக்கிற மாதிரி,” என்றார் குலசிங்கம். “மெதுவா எடுத்தால் ஆடை வரும். மிசினைப் போட்டு உறிஞ்சினால் ஆடை போய், கீழை இருக்கிற உப்பு ஏறும். நாங்கள் ஒருக்கால் மேல் தண்ணியை அள்ளி ஊத்திப்போட்டு விட்டிருந்தால் போதுமாம். இனி ஒண்டும் செய்ய ஏலாது. அடுத்த மாரி மழை விழுந்து ஊறுமட்டும் கிணறுகளைத் தொடாமல் விடவேணும்.”

“அடுத்த மாரி எண்டால்?” என்று கேட்டேன்.

“ஐப்பசி, கார்த்திகை.”

அப்போது தை மாதம் முதல் வாரம்.

கூட்டத்தில் இருந்த முப்பத்தொரு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். குலசிங்கம் உட்காரவில்லை. நின்றபடியே தொடர்ந்தார். “போய் அதுகளிட்டைச் சொல்லவேணும். பிழை எங்கடை எண்டு.”

ஆழ்வாப்பிள்ளையர் மேசையில் அடித்தார். “உபகாரம் செய்யப்போய், செய்த உபகாரத்துக்கு மன்னிப்பும் கேக்கிறதோ? ஆர் கேட்டது உம்மை யாழ்ப்பாணம் போகச் சொல்லி?”

“ஒருத்தரும் கேக்கேல்லை. நானாத்தான் போனனான்.”

தலைவர் எழுந்து போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பதினாறு பேர் குலசிங்கத்தோடு தாழைமுனைக்குப் போனோம். பூசை முடிந்து சனம் கோயிலிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது. குலசிங்கம் படியில் ஏறவில்லை, கீழே மணலில் நின்றபடியே சொன்னார்.

“கோயில் கிணறு கெட்டது புயலாலை இல்லை. எங்களாலை. தெரியாமல் செய்தம். ஆனால் செய்தது நாங்கள். கிணறுகள் திரும்புமட்டும் உங்களுக்குக் குடிக்க, சமைக்கத் தண்ணி ஒவ்வொரு நாளும் காலமை நாங்கள் கொண்டுவந்து தருவம்.”

கூட்டத்தின் முன்னால் இராயப்பு நின்றார். தாழைமுனையில் சனம் பேச்சுக் கேட்கும் மூப்பன் போன்றவர். புயலில் அவருடைய இரண்டு வள்ளங்களும் போய்விட்டன. அவர் குலசிங்கத்தை மேலும் கீழும் பார்த்தார்.

“எத்தினை நாளைக்கு?”

“மழை வருமட்டும்.”

இராயப்பு சிரித்தார். ஏளனச் சிரிப்பல்ல. பெரிய வாக்குகளை நிறையக் கேட்டுப் பழகிய ஒருவரின் சிரிப்பு. “பாப்பம்,” என்றார்.

அடுத்த நாள் விடியப் புறப்பட்டோம். ஒரு மாட்டுவண்டி, நாலு பீப்பா. இரண்டரை மைல். அறுந்த இடத்தில் பனங்குற்றி போட்டு வண்டி போக ஒரு தடம் செய்திருந்தோம். வீட்டுக்கு ஒரு குடம். முதல் வாரம் சந்திப் பொதுக்கிணற்றில் அள்ளினோம். ஐந்தாம் நாளே எங்கள் ஊர்ப் பெண்கள் சத்தம் போட்டார்கள். தங்களுக்கே தண்ணீர் வற்றுகிறது, நீங்கள் யாருக்குக் கொண்டுபோய் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டார்கள். அவர்கள் சொன்னதிலும் பிழையில்லை. இனி எங்கே போவது என்று தெரியாமல் வாசிகசாலையில் இருந்தபோதுதான் ஆழ்வாப்பிள்ளையர் வந்தார். இரண்டு கிழமைக்குப் பிறகு அன்றுதான் அந்தப் படி ஏறினார்.

நடந்ததை அவருடைய மனைவி இராசேஸ்வரி பிறகு என் வீட்டுக்காரியிடம் சொன்னார். பேப்பரில் வந்த படத்தைத் தலைவர் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டச் சொல்லியிருக்கிறார். மாட்டியானதும் மனைவியைக் கூப்பிட்டு, “எப்பிடி?” என்று கேட்டிருக்கிறார்.

“படம் நல்லாத்தான் இருக்கு,” என்றாராம் இராசேஸ்வரி. “அந்தக் கிணத்துத் தண்ணி இப்ப எப்பிடி இருக்காம்?”

அன்றிரவு அவர் சாப்பிடவில்லையாம்.

எங்களிடம் அவர் இதெல்லாம் சொல்லவில்லை. கதவடியிலேயே நின்றார். “என்ரை மேற்குத் தோட்டக் கிணத்திலை அள்ளுங்கோ. ஊரிலை அதைப்போலத் தண்ணி இல்லை. கையாலைதான் அள்ளவேணும், மிசின் போடக்கூடாது. எங்கடை வீட்டு வண்டி ஒண்டும் வரும். அதை நான் ஓட்டுறன்.”

“புகையிலை?” என்று கேட்டார் குலசிங்கம். புகையிலைக் கன்றுகள் நட்டுத் தண்ணீர் கேட்கிற காலம் அது.

“பாதியை விடுறன்.”

அந்த ஆண்டு மேற்குத் தோட்டத்தில் பாதிப் புகையிலை நின்ற நிலையிலேயே காய்ந்து போனது. அதைப் பற்றி அவர் ஒருநாளும் எங்களிடம் பேசவில்லை. பெரிய குரலோடு பிறந்த ஒரு மனிதர் ஒரு விடயத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்ததை நான் மதிக்கிறேன்.

மாசி மாதம் வரை முப்பது பேர் முறைபோட்டு வந்தோம். பங்குனியில் வெயில் ஏறியது. ஒருவருக்கு மகளின் கலியாணம், ஒருவருக்கு இடுப்பு வருத்தம், ஒருவர் கொழும்புக்குப் போய்விட்டார். பதினைந்து பேரானோம், பிறகு ஒன்பது. நானும் இடையில் நின்றுவிட்டவன்தான். அதை மறைக்க விரும்பவில்லை. சித்திரை வருடப்பிறப்புக்குத் தையல் குவிந்திருந்தது. இரண்டு நாள் போகாமல் நின்றேன், அது ஒரு கிழமையானது, பிறகு ஐந்து கிழமை. ஒவ்வொரு நாளும் காலையில் வண்டிச்சத்தம் கடையைக் கடக்கும்போது ஊசியில் நூல் கோர்ப்பது போலக் குனிந்துகொள்வேன். குலசிங்கம் ஒருநாளாவது உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் நான் ஏதாவது காரணம் சொல்லித் தப்பியிருப்பேன்.

ஒரு காலை சோளகக் காற்றில் மணல் பறந்துகொண்டிருந்தது. வண்டியின் பின்னால் குலசிங்கம் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். மேலே ஆழ்வாப்பிள்ளையர், தலைப்பாகையால் வாயைக் கட்டியபடி மாட்டை அதட்டிக்கொண்டிருந்தார். மற்ற வண்டியை ஓட்ட ஆளில்லை. அவ்வளவுதான் அன்றைய கழகம். நான் வெட்டிய துணியை மேசையில் போட்டுவிட்டு ஓடினேன். குலசிங்கம் திரும்பிப் பார்த்து, “இந்தப் பக்கத்துச் சில்லுக்குக் கிட்ட பிடியும் நடராசா, அதுதான் புதையுது,” என்றார். அன்றிலிருந்து நான் ஒருநாளும் நிற்கவில்லை.

வைகாசியில் தலைவரின் வண்டி மாடுகளில் ஒன்று செத்துப்போனது. நல்ல வடக்கன் இன மாடு. வழியிலேயே முழங்கால் மடித்துப் படுத்தது, எழும்பவில்லை. அதன் பிறகு ஒரே வண்டி. இரண்டு வண்டியில் வீட்டுக்கு இரண்டு குடமாகியிருந்தது மறுபடியும் ஒரு குடமாகியது. குழந்தைகள் இருக்கும் வீடுகளில் அது காணாது. நாங்கள் இரண்டு நடை போகப் பார்த்தோம். இரண்டாம் நடை போய்ச் சேரும்போது நடுப்பகலாகிவிடும், மாடும் நுரை தள்ளிவிடும்.

அப்போதுதான் இராயப்பு கேட்டார். பீப்பாவிலிருந்து தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்த குலசிங்கத்திடம், எல்லோருக்கும் கேட்கும்படியாக, மெதுவாகக் கேட்டார்.

“தம்பி, நாலு மாதத்துக்கு மேலாப் பாக்கிறன். நீங்கள் சொன்ன சொல்லுத் தவறேல்லை. ஆனால் ஒண்டு விளங்கேல்லை. எங்களுக்குக் கால் இருக்கு, கை இருக்கு. காவுதடி இருக்கு. ரெண்டரை மைல் எங்களுக்குத் தூரமே? நாங்களே வந்து அள்ளிக்கொண்டு வரலாமே. நீங்கள் ஏன் மாடு சாகச் சாக இஞ்சை கொண்டுவாறியள்?”

பதில் எங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். எங்கள் பகுதிக் கிணறுகளின் கயிற்றைத் தாழைமுனைச் சனம் தொட்டதில்லை. தொட விட்டதில்லை. நாலு மாதங்களாக நாங்கள் சுமந்தது தண்ணீரை மட்டுமல்ல. அந்தக் கேள்வி எழாமல் இருக்கவும்தான் சுமந்திருக்கிறோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. குலசிங்கத்தின் முகம் கறுத்துவிட்டது. அவருக்கும் இது முதலே தெரிந்திருக்கவேண்டும்.

“கிணறு என்ரை இல்லை,” என்றார் குலசிங்கம். அது உண்மை.

எல்லோருடைய கண்ணும் வண்டியடியில் நின்ற ஆழ்வாப்பிள்ளையரிடம் போயிற்று. அவர் நுகத்தின் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக நின்றார். கடைசியில், “வீட்டிலை ஒருக்கால் கதைக்கவேணும்,” என்று மட்டும் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, நாங்கள் தண்ணீர் ஊற்றி முடித்ததும் அவர் இராயப்புவிடம் போனார்.

“நாளைக்குக் காலமை வாருங்கோ. குடம் எல்லாத்தையும் கொண்டு வாருங்கோ. கயிறு புதுசாப் போட்டிருக்கிறன், கை கவனம்.”

சனிக்கிழமை விடியும்போது அறுபது எழுபது பேர் வந்தார்கள். ஆண்கள் தோளில் காவுதடியோடும் பெண்கள் குடங்களோடும். வரிசையாக, சத்தமில்லாமல், செத்த வீட்டுக்கு வருவதுபோல வந்தார்கள். தோட்ட வாசலில் ஆழ்வாப்பிள்ளையரின் மைத்துனர் கதிர்காமு இன்னும் நாலு பேரோடு நின்றார். அவரும் எங்கள் கழகத்து உறுப்பினர்தான். அந்தக் கல்வீதிக்குக் கல் சுமந்தவர்.

“அத்தான், உதென்ன வேலை?” என்றார் கதிர்காமு. “இண்டைக்குக் கயிறு எண்டால் நாளைக்கு என்ன?”

“நாளைக்கும் கயிறுதான்,” என்றார் ஆழ்வாப்பிள்ளையர். “மழை வருமட்டும். அதுக்குப் பிறகு, அவை விரும்பினால், அதுக்குப் பிறகும். வழியை விடும்.”

கதிர்காமு அசையவில்லை. இராசேஸ்வரி வீட்டுப் பக்கமிருந்து வந்தார். கையில் ஒரு புது வாளி. தம்பியைப் பார்க்காமலேயே அவரைக் கடந்து, கிணற்றடிக்குப் போய், வாளியைக் கயிற்றில் கட்டினார். சொந்த அக்காவைத் தள்ள முடியுமா? கதிர்காமு விலகினார்.

அவ்வளவு பேர் வந்திருந்தும் முதலில் கயிற்றைத் தொட ஒருவருக்கும் கை வரவில்லை. பிலோமினம்மாதான் முன்னால் வந்தார். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கயிற்றைப் பிடித்து இறக்கி, ஒரு வாளி அள்ளி மேலே எடுத்தார். குடத்தில் ஊற்றப் போனவரை ஆழ்வாப்பிள்ளையர் மறித்தார்.

“கொஞ்சம் பொறும்,” என்றார். பத்து நாட்கள் மிசின் ஓடியபோது பிலோமினம்மாவை ‘நீ’ என்று பேசியவர்தான் இப்போது மரியாதையாகப் ‘பொறும்’ என்றார். குனிந்து இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார். “இதிலை ஊத்தும்.”

பிலோமினம்மா அவரைப் பார்த்தார். பிறகு வாளியைச் சரித்து மெதுவாக வார்த்தார். அந்தப் பெரிய மனிதர் குனிந்தபடியே குடித்து முடித்து, ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இனி அள்ளுங்கோ,” என்றார். பிலோமினம்மாவின் கண் கலங்கியிருந்தது. ஆனால் அவர் அழுதுகொண்டு நிற்கிற ஆள் இல்லை. அடுத்த வாளியை இறக்கிவிட்டார்.

திங்கட்கிழமை கழகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. பதினொரு பேர் விலகியிருந்தார்கள். கதிர்காமுவின் கையெழுத்து முதலில் இருந்தது. குலசிங்கம் அதை வாசித்து, கூட்டக் கொப்பிக்குள் வைத்து, “வண்டிக்கு அச்சாணி ஒண்டு மாத்தவேணும்,” என்றார். வண்டி நிற்கவில்லை. வயதானவர்களுக்கும், பிள்ளை பெற்றிருந்த பெண்களுக்கும் தொடர்ந்து கொண்டுபோனோம். வண்டியைத் தள்ள இப்போது தாழைமுனை இளைஞர்களும் வந்தார்கள். இராயப்பு புது வள்ளம் இறக்கிய அன்று முதல்மீனைக் குலசிங்கத்துக்குக் கொண்டுவந்தார். குலசிங்கம் சைவம். அவருடைய தாயார் அதைக் குசினிக்குள் விடமாட்டேன் என்று நின்றார். கடைசியில் அந்த மீன் என் வீட்டில் கறியாகியது. நல்ல கலவாய்.

ஐப்பசி மழை பிந்தியது. கார்த்திகையில் மழை கொட்டியது. நிறுத்தாமல் பதினொரு நாள். மழை விட்டதும் எல்லோரும் கோயில் கிணற்றடிக்குப் போனோம். ஒருவரும் மிசின் கொண்டுபோகவில்லை. பிலோமினம்மா மேலாலே ஒரு வாளி மொண்டார். முதலில் தான் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

“பழைய மாதிரி இல்லை,” என்றார். “ஆனால் குடிக்கலாம். இன்னொரு மாரி போகட்டும்.”

அதுதான் உண்மையும். அடுத்த மாரிக்குப் பிறகுதான் அந்தத் தண்ணீர் பழைய ருசிக்கு வந்தது. ஏழில் ஒரு கிணறு கடைசிவரை தேறவேயில்லை. அதை நாங்கள் மூடிவிட்டு, மேட்டில் புதிதாக ஒன்று வெட்டிக் கொடுத்தோம். மற்ற ஆறு கிணறுகளின் கட்டையும் கடல் ஏறாதபடி உயர்த்தினோம்.

1966ஆம் ஆண்டு தை மாதம் கழகத்தின் பொதுக்கூட்டம். வாசிகசாலையில் இருபது பேர்தான். புதிய உறுப்பினர்களைச் சேர்க்கும் நேரத்தில் ஆழ்வாப்பிள்ளையர் தலைவர் கதிரையிலிருந்து எழுந்தார்.

“தாழைமுனை பிலோமினம்மாவை நான் பிரேரிக்கிறன். தண்ணியைப் பற்றி எங்களிலை ஒருத்தருக்கும் தெரியாதது அவவுக்குத் தெரியும். அண்டைக்கு நான் கேட்டிருந்தால் கோயில் கிணறு தப்பியிருக்கும்.”

எங்கள் கழகத்தில் அதுவரை பெண்கள் இல்லை. தாழைமுனைக்காரரும் இல்லை. பிரேரித்தால் இன்னொருவர் வழிமொழிய வேண்டும். செயலாளர் வழிமொழிய விதி இடம் கொடாது என்பதால் குலசிங்கம் பேனையோடு காத்திருந்தார். இந்த முறையும் அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அந்த ஐந்து கிழமையும் நினைவில் வந்தது. எழும்பினேன்.

“நடராசா வழிமொழியுறன்.”

குலசிங்கம் எழுதினார். மறுப்பவர் உண்டா என்று கேட்டார். ஒருவரும் இல்லை.

பிறகும் கழகம் நிறையச் செய்தது. இராயப்பு வந்தார், அவரோடு இன்னும் பத்துப் பேர் வந்தார்கள். விலகிய பதினொரு பேரில் ஏழு பேர் இரண்டு மூன்று வருடத்தில் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். கதிர்காமு வரவில்லை. ஆனால் அவருடைய மகன் வந்தான். எழுபதுகளில் தாழைமுனைக்கு நிரந்தரமான பாதை போட்டோம், இரண்டு ஊருக்கும் பொதுவாக ஒரு பாலர் பாடசாலை கட்டினோம். குலசிங்கம் பதினெட்டு வருடம் செயலாளராக இருந்தார். அவருக்குப் பொன்னாடை போர்த்த நாங்கள் ஒழுங்கு செய்த நாளில், சங்கக்கடைக்குச் சாமான் வந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டு வராமலே இருந்துவிட்டார்.

பிலோமினம்மா உறுப்பினராகி வந்த முதல் சனிக்கிழமை, பள்ளிக்கூட வேலி அடைக்கும் வேலை. காலை ஆறு மணி என்று அறிவித்திருந்தோம். நான் ஆறேகாலுக்குப் போனேன். அவர் அதற்கு முன்பே வந்து, பழைய வேலியில் பாதியைப் பிரித்து அடுக்கி வைத்துவிட்டு, தென்னோலைக் கிடுகுக் கட்டின் மேல் குந்தியிருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

“சேவைக் கழகம் எண்டால் இப்பிடித்தான் பிந்தி வாறதோ?” என்று கேட்டார்.